மனசு ஓடிப்போச்சுன்னு எப்போ தெரியுது?

தியானம்னா மனசுல ஒண்ணுமே ஓடக்கூடாது, பிளாங்க்கா உக்காரணும்னு நிறைய பேர் நினைச்சுக்கிட்டு ரெண்டு நிமிஷம் உக்காந்து பாத்துட்டு, நமக்கெல்லாம் இது செட் ஆகாதுப்பான்னு எழுந்துடுறாங்க. ஆனா வேலையே மனசு ஓடினதுக்கு அப்புறம்தான் ஆரம்பிக்குது.

2012ல வந்த ஒரு ஆராய்ச்சில இத அழகா புடிச்சாங்க. தியானம் பழகின 14 பேர ஸ்கேனருக்குள்ள படுக்க வச்சு, மூச்ச மட்டும் கவனிங்க, மனசு வேற எங்கயோ போயிடுச்சுன்னு தெரிஞ்ச உடனே பட்டன அமுக்கிட்டு திரும்ப மூச்சுக்கு வாங்கன்னு சொல்லிட்டாங்க. மனசு அலைஞ்சிட்டு இருந்தப்போ டீஃபால்ட் மோட் நெட்வொர்க், அதாவது பழைய கதையும் நாளைய கவலையும் அசை போடும்போது வேலை செய்யுற மூளைப் பகுதிகள், சுறுசுறுப்பா இருந்துச்சு. "அடடா, போயிட்டோமே"ன்னு உறைக்கிற அந்த நேரத்துல முக்கியமானத கண்டுக்கிற வேற ஒரு நெட்வொர்க் முழிச்சுக்குது. அப்புறம் கவனத்த இழுத்துட்டு வர்றது இன்னொண்ணு. இந்த சுத்து திரும்பத் திரும்ப வரும், இதுதான் பயிற்சி.

சதிபட்டான சுத்தாங்கற பௌத்த உரையில புத்தர் சொல்றதும் கிட்டத்தட்ட இதேதான். மனசுல ஆசை இருந்தா இருக்குன்னு தெரிஞ்சுக்கோ, இல்லன்னா இல்லன்னு தெரிஞ்சுக்கோ, அவ்ளோதான், அத விரட்டுன்னு அந்த இடத்துல சொல்லல. உடம்பு, வேதனை, மனசு, தம்மம் (புத்தர் போதிச்ச விஷயங்கள்)னு கவனிக்க வேண்டியது நாலு. இதுல வேதனைங்கறது வலி மட்டும் இல்ல, இதமானது, இதமில்லாதது, ரெண்டும் இல்லாததுன்னு எல்லா உணர்வும் அதுல சேத்தி. உக்காந்திருக்கும்போது முட்டி வலிக்குதுன்னு வைங்க. வலி ஒண்ணு, "ஐயோ இன்னும் எவ்ளோ நேரம்"ங்கறது இன்னொண்ணு, நமக்கு ரெண்டும் ஒட்டிக்கிட்டே வர்றதால ஒண்ணாத்தான் தெரியும். பௌத்தத்துல உணர்வுலேருந்துதான் வேட்கை பொறக்குது, அதனால அந்த இடைவெளியிலயே கவனத்த வைக்கச் சொல்றாங்க.

1979ல ஜான் கபாட்-ஸின்ங்கறவர் அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மெடிக்கல் ஸ்கூல்ல ஒரு தியான கோர்ஸ் ஆரம்பிச்சப்போ நாள்பட்ட வலியோட வந்தவங்களுக்கு சொல்லிக் குடுத்ததும் இதத்தான், மதம் மட்டும் கழண்டுருச்சு. கூடவே இன்னொண்ணும் கழண்டுருச்சுன்னு எனக்கு தோணும். புத்தர் சொன்ன எண்வழிப் பாதையில இந்த கவனம் ஏழாவது படி, பேச்சு, செயல், பிழைப்பு எல்லாம் ஒழுங்கா இருக்கணும்ங்கறது அதுக்கு முன்னாடியே வந்துடுது, ஆபீஸ் தியான ஒர்க்‌ஷாப்ல அந்தப் பேச்சே வராது.

சரி, வேலை செய்யுதா? 2014ல தியானம் பத்தின 47 ஆய்வுகள சேத்துப் பாத்தப்போ பதட்டம், மனச்சோர்வு, வலி மூணுக்கும் ஓரளவு பலன் தெரிஞ்சது, ஆனா மருந்து, உடற்பயிற்சி மாதிரி மத்த சிகிச்சைகள விட மேலன்னு ஆதாரம் கிடைக்கல. பிரிட்டன்ல 8,000க்கு மேல ஸ்கூல் பசங்கள வச்சு, இந்த கவனப் பயிற்சிய பாடமா சொல்லிக் குடுத்துப் பாத்து 2022ல வெளியான ஆய்வுலயோ மனநலம் பத்தின வழக்கமான பாடத்த விட பெருசா வித்தியாசமே இல்ல, பாதிக்கு மேல பசங்க வீட்ல பிராக்டிஸே பண்ணலியாம்.