உப்பு போட்டால் ஐஸ் உருகுமா, உறையுமா?

மதுரை எஸ்.எஸ். காலனியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவருடைய மகள் அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில் இருக்கிறாராம். "வீடியோ காலில் பேசும்போது, ஒரு லாரி வந்து தெரு முழுக்க உப்பை இறைத்துக்கொண்டு போவதைக் காட்டினாள். ரோட்டில் இறுகிக் கிடக்கும் ஐஸை உருக்கத்தான் உப்பு என்கிறாள். எங்கள் தெருவுக்கு ராத்திரி மணியடித்துக்கொண்டு வரும் குல்பி வண்டிக்காரரோ, குல்பி உருகாமல் கெட்டியாக இருக்கத்தான் ஐஸில் உப்பு போடுகிறேன் என்கிறார். யார் சொல்வது சரி?"

இரண்டு பேர் சொல்வதும் சரிதான். ஆனால் குல்பிக்காரர் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டார். அவர் பானையிலும் ஐஸ் உருகத்தான் செய்கிறது. அது உருகுவதால்தான் குல்பி உறைந்திருக்கிறது.

ராச்செஸ்டர் ஒன்டாரியோ ஏரியின் தென்கரையில் இருக்கும் நகரம். மக்கள்தொகை சுமார் 2 லட்சம். சராசரியாக ஒரு குளிர்காலத்தில் அங்கே கொட்டும் பனியை அப்படியே அடுக்கினால் இரண்டரை மீட்டர் உயரம் வரும். புதிதாக விழும் பனி பஞ்சு மாதிரி லேசானது, அதைத் தள்ளிவிடலாம். வண்டிச் சக்கரங்கள் ஏறி ஏறி நசுக்கிய பிறகுதான் தொல்லை ஆரம்பிக்கிறது. அது இறுகி, தார் ரோட்டோடு ஒட்டிய ஐஸ் தகடாகிவிடும். அதற்குத்தான் உப்பு. அந்த உப்பு நம் தூத்துக்குடி உப்பு போலப் பாத்தி கட்டிக் காயவைத்தது அல்ல. அங்கே 40 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு கடல் இருந்து வற்றிப் போனது. அது விட்டுச்சென்ற உப்பு நிலத்துக்கடியில் பாறையாகக் கிடக்கிறது, நகருக்குத் தெற்கே சுரங்கம் வைத்து வெட்டி எடுக்கிறார்கள். பக்கத்திலேயே இருந்த இன்னொரு பெரிய சுரங்கம் 1994-ல் கூரை இடிந்து, நிலத்தடி நீர் புகுந்து மூழ்கியே போனது.

சரி, உப்பு ஐஸை என்னதான் செய்கிறது?

0 டிகிரியில் தண்ணீர் உறையும், ஐஸ் உருகும் என்று பள்ளியில் படித்திருப்போம். ஒரே வெப்பநிலையில் எப்படி இரண்டும்? ஐஸும் தண்ணீரும் தொட்டுக்கொண்டிருக்கும் இடம் அமைதியாகத் தெரிந்தாலும் அங்கே ஓயாத போக்குவரத்து. ஐஸிலிருந்து மூலக்கூறுகள் கழன்று தண்ணீருக்குப் போய்க்கொண்டே இருக்கின்றன, தண்ணீரிலிருந்து வேறு மூலக்கூறுகள் வந்து ஐஸில் ஒட்டிக்கொண்டே இருக்கின்றன. கழல்வது அதிகமானால் உருகுகிறது என்கிறோம், ஒட்டுவது அதிகமானால் உறைகிறது என்கிறோம். 0 டிகிரியில் இரண்டும் சரிசமம்.

மாட்டுத்தாவணியில் தீபாவளிக்கு முந்தைய நாள் ஒரு பேருந்து வந்து நிற்பதை நினைத்துக்கொள்ளுங்கள். இறங்குகிறவர்கள் ஒரு வேகத்தில் இறங்குகிறார்கள், ஏறுகிறவர்கள் அதே வேகத்தில் ஏறுகிறார்கள். உள்ளே இருக்கும் கூட்டம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இப்போது அந்த வண்டியில் ஏறவே போகாத ஒரு கும்பல் ஏறும் வாசல் பக்கம் வந்து நிற்கிறது என்று வையுங்கள். இறங்குகிறவர்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லை, அவர்களுக்கு வேறு வாசல். ஏறுகிறவர்களின் வேகம் மட்டும் குறைந்துவிடும். கொஞ்ச நேரத்தில் வண்டி காலியாகிவிடும்.

உப்பு அந்தக் கும்பல்தான். தண்ணீரில் கரைந்ததும் அது சோடியம் அயனியாகவும் குளோரைடு அயனியாகவும் பிரிந்துவிடுகிறது. இந்த இரண்டுக்கும் ஐஸின் படிகக் கட்டமைப்புக்குள் இடம் கிடையாது. ஐஸ் அவற்றைச் சேர்த்துக்கொள்வதே இல்லை. கடல்நீர் உறையும்போதுகூட உப்பை வெளியே தள்ளிவிட்டுத்தான் உறைகிறது. உப்பு ஐஸைக் கரைக்கிறது, சூடாக்குகிறது என்றெல்லாம் பலர் நினைக்கிறார்கள். அது ஐஸை ஒன்றுமே செய்வதில்லை. தண்ணீர் திரும்பி வந்து ஒட்டுவதைக் கெடுக்கிறது, அவ்வளவுதான். கழல்வது வழக்கம்போல் நடக்கிறது, ஆகவே ஐஸ் கரைந்துகொண்டே போகிறது. இதை எந்தப் பாடப்புத்தகத்திலும் 'உறைநிலைத் தாழ்வு' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது ஆற்றாமை.

இதில் முக்கியம் எத்தனை பேர் வாசலில் நிற்கிறார்கள் என்பதுதான், அவர்கள் யார் என்பது ஏறக்குறைய தேவையே இல்லை. எனவே சர்க்கரை போட்டாலும் ஐஸ் உருகும். ஆனால் சர்க்கரை மூலக்கூறு கனமானது, அயனிகளாகப் பிரியவும் பிரியாது. ஒரு கிலோ உப்பின் வேலையைச் செய்ய ஏறக்குறைய 12 கிலோ சர்க்கரை வேண்டும். கால்சியம் குளோரைடு மூன்று அயனிகளாகப் பிரியும், இன்னும் கடுங்குளிரிலும் வேலை செய்யும். விலைதான் அதிகம்.

ஒரு கேள்வி மிச்சம். மைனஸ் 5 டிகிரியில், தண்ணீரே இல்லாத காய்ந்த ஐஸ் மேல் ஒரு உப்புக்கல் விழுந்தால் அது எதில் கரையும்? ஐஸ் எப்போதும் முழுக்கக் காய்ந்திருப்பதில்லை. அதன் மேற்பரப்பில் சில மூலக்கூறுகள் கனத்துக்கு, உறைநிலைக்குக் கீழேயும், திரவம் போன்ற ஒரு மெல்லிய படலம் இருக்கிறது. இரண்டு ஐஸ் துண்டுகளை ஒட்டவைத்தால் ஒட்டிக்கொள்கிறதே, அதைப் பார்த்து இப்படி ஒரு படலம் இருக்க வேண்டும் என்று 1850-லேயே மைக்கேல் ஃபாரடே சொன்னார். உப்புக்கல் அந்தப் படலத்தில் துளி கரைகிறது, கரைந்த இடத்தில் ஐஸ் உருகுகிறது, அதில் இன்னும் கொஞ்சம் உப்பு கரைகிறது. கல் தானே துளை போட்டுக்கொண்டு செங்குத்தாகக் கீழே இறங்கும். தார் ரோட்டைத் தொட்டதும் உப்புத் தண்ணீர் ஐஸுக்கு அடியில் பக்கவாட்டில் பரவும். ஐஸுக்கும் ரோட்டுக்கும் இருந்த ஒட்டு விட்டுப்போகும். அப்புறம் இரும்புத் தகடு பொருத்திய வண்டி வந்து வழித்துத் தள்ளிவிடும். தெருவில் கிடக்கும் ஐஸ் முழுவதையும் உப்பே உருக்க வேண்டியதில்லை, கீழே ஒட்டு விட்டால் போதும். பொடி உப்பை விடக் கல் உப்பு இதற்கு ஏன் நல்லது என்று இப்போது புரியும். பொடி மேலேயே கரைந்து தீர்ந்துவிடும்.

இனி குல்பி பானைக்கு வருவோம். ஒரு கிராம் ஐஸ் உருக 80 கலோரி வெப்பம் வேண்டும். ராச்செஸ்டர் தெருவில் அந்த வெப்பத்தை ரோடு கொடுக்கும், வெயில் கொடுக்கும், காற்று கொடுக்கும். குல்பிக்காரர் பானையைச் சுற்றி ஈரச் சிவப்புத் துணியைக் கட்டி வெளிவெப்பம் எளிதில் வராமல் தடுத்துவைத்திருக்கிறார். உள்ளே உடைத்துப் போட்ட ஐஸ் பாரும் கல் உப்பும், நடுவில் பால் ஊற்றி மூடிய தகர அச்சுகளும். உப்பு இருப்பதால் ஐஸ் உருகியே ஆக வேண்டும். வெப்பம் எங்கிருந்து வரும்? தன்னிடமிருந்தும், தன்னைச் சுற்றியுள்ள உப்புத் தண்ணீரிடமிருந்தும், கடைசியாகப் பாலிடமிருந்தும் பிடுங்கிக்கொள்ளும். கலவை 0 டிகிரியைத் தாண்டிக் கீழே இறங்கும். உப்பு போடாமல் ஐஸை மட்டும் மலைபோல் குவித்தாலும் குல்பி உறையாது. உருகும் ஐஸ் 0 டிகிரிக்குக் கீழே போகாது, சர்க்கரை போட்டுச் சுண்டக் காய்ச்சிய பால் உறைய அதைவிடக் குளிர் வேண்டும்.

எவ்வளவு கீழே போகும்? எடையில் மூன்று பங்கு ஐஸுக்கு ஒரு பங்கு உப்பு என்று கலந்தால் மைனஸ் 21 டிகிரி வரை. அதுதான் எல்லை. அந்தக் குளிரில் உப்புத் தண்ணீரே உறைந்துவிடுகிறது. நடைமுறையில் மைனஸ் 9 டிகிரிக்குக் கீழே போனாலே ரோட்டில் உப்பின் வேலை மிகவும் மந்தமாகிவிடும். கனடாவின் வின்னிபெக் போன்ற ஊர்களில் கடுங்குளிர் நாட்களில் உப்பை நம்பாமல் மணலைத் தூவுகிறார்கள், சக்கரத்துக்குப் பிடிப்பாவது கிடைக்கட்டும் என்று. ராச்செஸ்டர்க்காரர்கள் குளிரைச் சொல்லும் ஃபாரன்ஹீட் அளவில் பூஜ்யம் என்பதுகூட இதே வித்தைதான். 1724-ல் ஃபாரன்ஹீட் ஐஸ், தண்ணீர், நவச்சாரம் மூன்றையும் கலந்து கிடைத்த குளிரைத்தான் பூஜ்யம் என்று எழுதினார். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர்கள் தேய்ப்பார்களே, அதே நவச்சாரம்.

உப்பு என்றதும் நம் ஊரில் இன்னொரு பேச்சும் உண்டு. ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் உப்புத் தண்ணீர் வைத்து வீட்டு மூலையில் வைத்தால் கண் திருஷ்டியை இழுத்துக்கொள்ளும், நாலு நாளில் உப்பு கிண்ணத்தின் விளிம்பைத் தாண்டி வெளியே பூத்து வந்தால் திருஷ்டி பலமாக இருந்தது என்று அர்த்தம் என்பார்கள். உப்பு பூப்பது உண்மை. விளிம்பில் தண்ணீர் ஆவியாகும் இடத்தில் முதலில் படிகம் கட்டுகிறது, அந்தப் படிகங்களின் இடுக்குகள் வழியே தண்ணீர் இன்னும் மேலே ஏறுகிறது, அங்கும் ஆவியாகிப் படிகம் கட்டுகிறது. யார் கண்ணும் படாத பூட்டிய வீட்டிலும் இது நடக்கும். இத்தனை அழகான காரியம் கண்முன்னே நடக்கும்போது பக்கத்து வீட்டுக்காரர் மேல் சந்தேகப்படுவானேன்?

தெருவில் போட்ட உப்பு எங்கேயும் மறைந்துவிடுவதில்லை. அமெரிக்கா முழுக்க ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டன் உப்பை இப்படிக் கொட்டுகிறார்கள். கார்களின் அடிப்பாகம் துருப்பிடிக்கிறது, மீதி உருகும் பனியோடு ஓடைகளுக்குப் போகிறது. ராச்செஸ்டருக்கு அருகே ஐரண்டிக்வாய்ட் விரிகுடா என்று ஒன்று, ஒன்டாரியோ ஏரியோடு சேர்ந்தது. குளிர்நாட்டு ஏரிகளில் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் மேல்தண்ணீரும் அடித்தண்ணீரும் ஒன்றோடொன்று கலந்து புரளும். அப்படிப் புரண்டால்தான் அடியில் ஆக்சிஜன் போய்ச் சேரும். அந்த விரிகுடாவின் அடியில் உப்புத் தண்ணீர் கனமாகத் தேங்கி, 1970 வசந்தத்தில் முழுமையாகப் புரளவிடாமல் தடுத்துவிட்டது என்று 1971-ல் 'சயன்ஸ்' இதழில் வெளியான ஆய்வு காட்டியது. அதைக் கண்டுபிடிக்க ராக்கெட் தேவைப்படவில்லை. யாரோ படகில் போய், வெவ்வேறு ஆழத்தில் பாட்டிலில் தண்ணீர் மொண்டு, குளோரைடு அளந்து, எழுதிவைத்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். நம் வைகையில் மாதாமாதம் இதைச் செய்ய ஒருவர் பணம் கேட்டால் 'இதில் புதிதாக என்ன இருக்கிறது' என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். பலன் தெரிய பத்து வருடம் பிடிக்கும் ஆய்வுக்குக் காசு ஒதுக்க இங்கே யாருக்கும் பொறுமை இல்லை என்பது என் அபிப்பிராயம்.

வீட்டில் செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு: எவர்சில்வர் டம்ளரில் நொறுக்கிய ஐஸ் போட்டு, அதில் மூன்றில் ஒரு பங்கு எடைக்குக் கல் உப்பு சேர்த்து வேகமாகக் கிண்டுங்கள். ஐந்து நிமிடத்தில் டம்ளரின் வெளிப்பக்கம் முதலில் வியர்க்கும், அப்புறம் அந்த ஈரம் வெள்ளையாக உறையும். சித்திரை வெயிலின் வறண்ட காற்றை விட ஐப்பசி மழை நாளில் இது நன்றாக வரும். பள்ளி ஆய்வகத்து வெப்பமானியைப் போட்டால் ஏமாற்றம்தான். பெரும்பாலும் அதன் கோடுகள் மைனஸ் 10-ல் முடிந்துவிடும். பாதரசம் அதற்கும் கீழே இறங்கிக் குமிழுக்குள் ஒளிந்துகொள்ளும். மைனஸ் 50 வரை காட்டும் மலிவான டிஜிட்டல் வெப்பமானிகள் கிடைக்கின்றன, அதில் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

டம்ளரை வெறுங்கையால் இறுக்கிப் பிடிக்க வேண்டாம், துணி வைத்துப் பிடியுங்கள். தோலில் உப்பைத் தூவி மேலே ஐஸ் துண்டை அழுத்தி யார் அதிக நேரம் தாங்குகிறார் என்று பிள்ளைகள் பந்தயம் கட்டுவதுண்டு. தோலுக்கும் அந்த 80 கலோரிக் கணக்கு பொருந்தும். சுட்டது போலவே கொப்புளம் வரும்.