கண்ணாடிக்குள்ள லித்தியம் எப்படி ஓடுது?

கண்ணாடி கரண்ட்டை கடத்தாதுன்னு ஸ்கூல்ல படிச்சிருப்போம், எலக்ட்ரான் வரைக்கும் அது சரிதான். ஆனா லித்தியம் போரேட் கண்ணாடியில (போரான் ஆக்சைடும் லித்தியம் ஆக்சைடும் சேர்த்து உருக்கினது) எலக்ட்ரான் நகராது, லித்தியம் அயனி நகரும். பேட்டரி நடுவுல இருக்குற எலக்ட்ரோலைட்டுக்கு வேண்டிய குணமே இதுதான். இதுல எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம், உள்ள ஓட வர்ற லித்தியமே அது ஓடுற பாதையையும் மாத்தி கட்டிடுது.

முதல்ல வெறும் போரான் ஆக்சைடு கண்ணாடி. ஒவ்வொரு போரானையும் சுத்தி மூணு ஆக்சிஜன், தட்டையான முக்கோணம், பெரும்பாலான போரான் மூணு மூணா சேர்ந்து வளையமா உக்காந்திருக்கும், இதுக்கு போராக்சால் வளையம்னு பேரு. திருச்சியில பொறந்த சி.வி.ராமன் 1928ல கண்டுபிடிச்சாரே, ஒளி சிதறுறதை வச்சு அணுக்களோட அதிர்வை பாக்குற அந்த ராமன் ஸ்பெக்ட்ரம் எடுத்தா 808 வேவ்நம்பர்ல (அதிர்வோட வேகத்தை சொல்ற அளவு) ஒல்லியா உயரமா ஒரு பீக் வரும். ஒழுங்கே இல்லாத கண்ணாடியில இவ்ளோ கூர்மையான பீக் அபூர்வம், அது இந்த வளையம் மொத்தமா சுருங்கி விரியுற அதிர்வு.

இப்ப லித்தியம் ஆக்சைடு சேர்த்து உருக்குவோம். லித்தியம் தனியா வராது, கூடவே ஒரு ஆக்சிஜனும் வரும். மணல்ல செய்யுற சாதா கண்ணாடியா இருந்தா அந்த ஆக்சிஜன் சிலிக்கான் பிணைப்பை அறுத்து அணுக்கள் கோத்திருக்குற வலையை லூஸாக்கிடும். போரான் வேற மாதிரி, அதுகிட்ட காலியா ஒரு ஆர்பிட்டல் (எலக்ட்ரானுக்கான இடம்) இருக்கு, அதனால நாலாவது ஆக்சிஜனையும் சேர்த்துக்கிட்டு முக்கோணம் நாலு மூலை இருக்குற நான்முகியா மாறிடும். ஒரு லித்தியம் ஆக்சைடுக்கு ரெண்டு போரான் இப்படி மாறும். வலை இறுகுது, 260 டிகிரி செல்சியஸ் பக்கம் இளகுற கண்ணாடி கால் பங்கு லித்தியம் ஆக்சைடு சேர்ந்ததும் 500 டிகிரி கிட்ட வரைக்கும் தாங்குது. அமெரிக்காவுல பிரவுன் யுனிவர்சிட்டியில ஃபிலிப் பிரே 1963ல என்.எம்.ஆர் (அணுக்கருவை காந்தப்புலத்துல வச்சு அதோட அக்கம்பக்கத்தை அறியுற முறை) வச்சு நாலு ஆக்சிஜன் இருக்குற போரான் எவ்வளவுன்னு அளந்து காட்டினார், லித்தியம் ரொம்ப அதிகமானா அந்த பங்கு மறுபடி குறையும்னும் அதுல தெரிஞ்சது.

அயனி ஓட்டத்துக்கு இது ஏன் முக்கியம்? நான்முகியோட நெகட்டிவ் சார்ஜ் நாலு ஆக்சிஜன் மேலயும் பரவிக் கிடக்கு, அதனால லித்தியத்து மேல பிடி அவ்ளோ இறுக்கமா இருக்காது. பிணைப்பு அறுந்த ஒத்தை ஆக்சிஜன்ல சார்ஜ் ஒரே இடத்துல குவிஞ்சிருக்கும், பிடியும் ஜாஸ்தி.

லித்தியம் தன் இடத்துலயே நொடிக்கு சுமார் பத்து லட்சம் கோடி தடவை அதிருது, ஒவ்வொரு அதிர்வும் அடுத்த இடத்துக்கு தாவுற முயற்சி. லித்தியம் கம்மியா இருந்தா தாவ தாண்ட வேண்டிய ஆற்றல் தடை 1 எலக்ட்ரான்வோல்ட் (அணு அளவுல ஆற்றலோட அலகு) பக்கம், ரூம் டெம்பரேச்சர்ல தோராயமா கணக்கு போட்டா ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவைதான் தாவும்! நிறைய சேர்த்தா தடை 0.6 பக்கம் இறங்குது, இப்ப நொடிக்கு சில நூறு தடவை. லித்தியம் சில மடங்குதான் கூடுச்சு, தாவுறது லட்சக்கணக்கான மடங்கு கூடிடுச்சு, ஏன்னா இடங்கள் ஒண்ணுக்கொண்ணு பக்கத்துல வந்து பாதையா கோத்துக்குது. அதே கண்ணாடியை 300 டிகிரிக்கு சூடாக்கினா நொடிக்கு கோடிக்கணக்குல தாவும்.

உள்ள இருக்குற லித்தியத்தை பாக்குறது லேசுப்பட்ட வேலை இல்ல. எக்ஸ்ரேவுக்கு லித்தியம் சரியா தெரியாது, நியூட்ரான் அனுப்பினா போரான்-10 (போரான்லயே எடை கம்மியான வகை) அதை முழுங்கிடும், அதனால போரான்-11ல கண்ணாடி செய்யுறாங்க. லித்தியம்-6ம் லித்தியம்-7ம் நியூட்ரானை எதிரெதிர் குறியில சிதறடிக்கும், ரெண்டுலயும் தனித்தனியா கண்ணாடி செஞ்சு வித்தியாசம் எடுத்தா லித்தியத்தோட அக்கம்பக்கம் மட்டும் தெரியும், சுமார் 2 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம்னா சென்டிமீட்டர்ல பத்து கோடியில ஒரு பங்கு) தூரத்துல நாலு ஆக்சிஜன் போல. அருமையான வேலை இது.

பாதி லித்தியத்துக்கு பதிலா சோடியம் போட்டா ஓட்டம் பல ஆயிரம் மடங்கு விழுந்துடும். சோடியம் பெருசு, அதுக்கு அமைஞ்ச இடத்துல லித்தியம் பொருந்தாது, ரெண்டும் ஒண்ணோட பாதையை ஒண்ணு மறிக்கும்.

இவ்ளோ இருந்தும் ரூம் டெம்பரேச்சர்ல இந்த கண்ணாடி திரவ எலக்ட்ரோலைட்டை விட பல லட்சம் மடங்கு மெதுவுதான். லித்தியம் குளோரைடு, அயோடைடு சேர்த்தா வலை விரிஞ்சு வேகம் கூடும். இப்போதைக்கு லித்தியம் போரேட்டுக்கு நல்ல வேலை சாலிட் ஸ்டேட் பேட்டரியோட (திரவத்துக்கு பதிலா திட எலக்ட்ரோலைட் இருக்குறது) கார்னெட் செராமிக்லதான் (லித்தியத்தை கடத்துற ஒரு படிக வகை), அதை தனியா சுட ஆயிரம் டிகிரிக்கு மேல வேணும், போரேட் 700 டிகிரி பக்கமே உருகி துகள்களுக்கு நடுவுல இருக்குற இடைவெளியை நிரப்பி, லித்தியம் ஒரு துகள்லேருந்து அடுத்ததுக்கு போக வழி விடுது.