உறுதிப்படுத்தினார் என்றால் உருவாக்கினார் என்று அர்த்தமில்லை

இந்த மாதத்தில் என்னிடம் இப்படி ஓர் ஊர்ச் சாசனம் வருவது இது மூன்றாவது முறை. ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் ஒரு சின்ன ஊர், பெயர் வேண்டாம். விழாக் குழுவிலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். கையில் ஊர்ச் சாசனத்தின் படமும், அச்சுக்குப் போகவிருந்த பதாகையின் மாதிரியும் இருந்தன. பதாகையில் 'ஆறாம் ஜேம்ஸ் மன்னர் எங்கள் ஊரை நிறுவிய நாள்' என்று பெரிய எழுத்து. சாசனம் லத்தீனில் இருக்கிறது, மேலே போட ஒரு நல்ல வரி எடுத்துக் கொடுங்கள் என்றுதான் கேட்டார்கள். நான் நான்கு வரிகூடத் தாண்டவில்லை. தனக்கு முன்னால் ஆண்ட மன்னர் இந்த ஊருக்குக் கொடுத்த சாசனத்தைப் பார்த்தேன் என்று ஜேம்ஸே அதில் சொல்கிறார். பார்த்ததாக மன்னர் சொல்கிறார் என்றால் ஊர் அதற்கு முன்பே இருந்தது. வேறு எப்படிப் புரிந்துகொள்ள முடியும்?

பழைய ஆவணங்களைப் படித்துச் சொல்வது என் தொழில். அரச நகரங்களின் சாசனங்கள்தான் அதில் பெரும்பங்கு. அந்த ஊர்க்காரர்கள் இவற்றை ராயல் பரோ என்பார்கள். மன்னரிடமிருந்து நேரடியாக வணிக உரிமை பெற்ற ஊர் என்று பொருள். இந்தச் சாசனங்களில் எனக்கு வருபவற்றில் பல 'உறுதிப்படுத்தும்' சாசனங்கள். அவற்றைக் கொண்டு வருபவர்களில் பெரும்பாலானவர்கள் அதை ஊரின் பிறப்புச் சான்றிதழாக நினைத்துக்கொண்டு வருகிறார்கள்.

தயவுசெய்து இதைக் கேளுங்கள். உங்கள் தாத்தா வாங்கிய நிலம். பத்திரம் தாத்தா பெயரில். அப்பா காலத்தில் பெயர் மாற்றி, இப்போது நீங்கள் உங்கள் பெயருக்குப் பட்டா வாங்கியிருக்கிறீர்கள். பட்டாவில் இருக்கும் தேதியைக் காட்டி 'இந்த நிலமே இந்த வருஷம்தான் உருவானது' என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்வீர்களா? மாட்டீர்கள். ஊர்ச் சாசனம் என்றதும் மட்டும் ஏன் அந்தத் தவறைச் செய்கிறீர்கள்? உறுதிப்படுத்தும் சாசனத்தில் உள்ள தேதி, கடைசியாகப் புதுப்பித்த தேதி. ஊர் பிறந்த தேதியாக அதை எழுதினால், உங்கள் ஊரின் முன்னூறு நானூறு வருஷத்தை உங்கள் கையாலேயே வெட்டி எறிகிறீர்கள்.

சாசனத்துக்குள்ளேயே இதற்கு அத்தாட்சி இருக்கிறது. ஸ்காட்லாந்தில் உறுதிப்படுத்தலுக்கு என்று வழக்கமான ஒரு வாசகம் உண்டு. பழைய சாசனத்தை எங்கள் ஆணைப்படி கொண்டுவரச் செய்து பார்த்தோம், படித்தோம், கவனமாக ஆராய்ந்தோம். அது முழுதாக, பழுதில்லாமல் இருக்கிறது. சுரண்டப்படவில்லை, அடிக்கப்படவில்லை, எந்த இடத்திலும் சந்தேகத்துக்கு இடமில்லை என்று மன்னர் சொல்வார். அதன் பிறகு 'அதன் வாசகம் இப்படி' என்று பழைய சாசனம் முழுவதும் எழுத்துக்கு எழுத்து வரும். புதிய சாசனத்தின் வயிற்றுக்குள் பழையது உட்கார்ந்திருக்கும். சில சமயம் அதற்குள்ளும் ஒன்று இருக்கும். தோலில் எழுதிய மூலச் சாசனம் எப்போதோ எரிந்தோ தொலைந்தோ போன ஊர்களுக்கு இந்த உள் சாசனம்தான் மிச்சம். அதைத் தாண்டிக் கடைசி வரியில் உள்ள தேதிக்கு ஓடாதீர்கள்.

சரி, ஏற்கெனவே இருந்த உரிமையை எதற்கு மறுபடி உறுதிப்படுத்த வேண்டும்? மன்னருக்கு அந்த ஊர்மேல் பாசம் என்று விழா மலர்களில் எழுதுகிறார்கள். அப்படி எழுதுவதை நிறுத்துங்கள். ஊர்க்காரர்கள் கேட்டுப் போனார்கள், பணம் கட்டினார்கள், வாங்கி வந்தார்கள். கேட்கக் காரணம் இருந்தது. ஸ்காட்லாந்தில் பல மன்னர்கள் சிறு வயதிலேயே பட்டத்துக்கு வந்தவர்கள். அவர்கள் பெயரில் மற்றவர்கள் கொடுத்ததையெல்லாம் இருபத்தைந்து வயதாவதற்குள் திரும்பப் பெறும் உரிமை மன்னருக்கு இருந்தது. ஆறாம் ஜேம்ஸ் 1566-ல் பிறந்தவர். ஒரு வயதில் மன்னர். டன்ஃபர்ம்லின் 1588-ல் அவரிடம் உறுதிச் சாசனம் வாங்கியது. இந்த வருஷங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஊர்களின் கவலை புரியும்.

இன்னொரு காரணம் போர். டண்டியைப் போல் இதைத் தெளிவாகக் காட்டும் ஊர் எனக்குத் தெரியாது. இங்கிலாந்தோடு நடந்த சண்டைகளில் அந்த ஊரின் சாசனங்கள் காணாமல் போயின. கையில் காகிதமும் இல்லை, தோலும் இல்லை. உரிமை உண்டு என்று வாயால் சொன்னால் யார் நம்புவார்? 1325-ல் ராபர்ட் புரூஸ் மன்னர் தன் சான்சலரான, அதாவது முத்திரையைக் காக்கும் தலைமை அதிகாரியான, ஆர்ப்ரோத் மடத்து பெர்னார்டையும், அரச வருவாயைப் பார்த்துக்கொள்ளும் சேம்பர்லெயின் அலெக்சாண்டர் ஃபிரேசரையும் விசாரணைக்கு அனுப்பினார். முந்தைய மன்னர் அலெக்சாண்டர் காலத்தில் டண்டி வணிகர்கள் என்னென்ன உரிமையை அனுபவித்தார்கள் என்பதுதான் கேள்வி. விவரம் தெரிந்தவர்களை விசாரித்துப் பதிவு செய்து, அதன் பேரில்தான் ராபர்ட் சாசனம் கொடுத்தார். ராபர்ட் டண்டிக்கு உரிமை 'தந்தார்' என்று சுருக்கி எழுதும்போது, அந்த விசாரணையில் நின்று வழக்கத்தைச் சொன்ன மனிதர்கள் காணாமல் போகிறார்கள். எனக்கு வருத்தம் தருவது இதுதான்.

உரிமை உரிமை என்கிறோமே, அதில் என்ன இருந்தது என்று பெர்த் நகரைப் பார்த்தால் தெரியும். பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வில்லியம் மன்னர் கொடுத்த சாசனம் அது. மன்னரின் மாவட்ட அதிகாரியான பெர்த் ஷெரிஃபின் எல்லைக்குள் எங்கு வெளியூர் வணிகர் வந்தாலும் பெர்த்துக்கு வந்துதான் விற்க வேண்டும். சாயம் போட்டுக் கத்தரித்த துணியை ஊருக்கு வெளியே யாரும் தயாரிக்கக் கூடாது. ஊர் வணிகர்கள் தங்களுக்கென ஒரு சங்கம் வைத்துக்கொள்ளலாம்; ஆனால் நெசவாளரும் நெய்த கம்பளித் துணியை மிதித்து அடர்த்தியாக்குபவரும் அதில் சேர முடியாது. சுற்றுக் கிராமத்தில் மதுக்கடை வேண்டுமா? அந்தக் கிராமத்துக்கு ஒரு நைட், அதாவது வீரப் பட்டம் பெற்ற பிரபு, உரிமையாளராக இருந்து, அங்கேயே குடியிருந்தால் மட்டும் ஒரே ஒரு கடை. இவ்வளவு நுணுக்கமாக எழுதியிருக்கிறது. ஆறாம் ஜேம்ஸ் 1600-ல் பெர்த்தின் உரிமைகளை உறுதிப்படுத்தியபோது பின்னால் நான்கு நூற்றாண்டு வரலாறு நின்றது. நெசவாளர்களைச் சங்கத்துக்கு வெளியே நிறுத்தியதும் அந்த உரிமையின் ஒரு பாகம்தான். விழா மலரில் 'சுதந்திரம்' என்று அழகாக எழுதுபவர்கள் அந்த வரியையும் சேர்த்து எழுத வேண்டும்.

தேதியிலும் ஒரு பொறி இருக்கிறது. 1600 வரை ஸ்காட்லாந்தில் புத்தாண்டு மார்ச் 25-ல்தான் பிறந்தது. ஆகவே அதற்கு முந்தைய சாசனத்தில் ஜனவரி, பிப்ரவரி, அல்லது மார்ச் 24 வரையிலான ஒரு நாள் என்று இருந்தால் நம் கணக்கில் அடுத்த வருஷம். இன்வெர்னெஸின் பெரிய சாசனத்தில் 1591 ஜனவரி 1 என்று இருக்கிறது. நாம் 1592 என்று எண்ண வேண்டும். வருஷத்தை மாற்றிப் போட்டுவிட்டு நூற்றாண்டு விழாவைத் தவறான வருஷத்தில் கொண்டாடிய ஊரையும் பார்த்திருக்கிறேன்.

இதெல்லாம் பழங்கதை, இப்போது யாருக்கு என்ன என்று கேட்கிறார்கள். உள்ளூர் வணிகத் தனியுரிமையைப் பொறுத்தவரை அது உண்மை. வெளிநாட்டு வணிகத்தில் அரச நகரங்களுக்கு இருந்த ஏகபோகம் 1672-லேயே பெரிதாகத் தளர்ந்தது. ஊர்க்காரர் மட்டும்தான் கடை வைக்கலாம் என்ற உரிமை 1846-ல் சட்டப்படி போனது. அரச நகரங்களே 1975-ல் நிர்வாக அலகுகளாக இல்லாமல் போயின. உங்கள் முப்பாட்டனார் நகர உரிமை பெற்றவர் என்று சொல்லிச் சந்தையில் வாடகை இல்லாமல் கடை போட முடியாது. இந்தக் கேள்வியும் எனக்கு வருகிறது.

ஆனால் நிலம் வேறு விஷயம். 1319 டிசம்பரில் ராபர்ட் மன்னர் அபர்டீன் ஊருக்கு ஸ்டாக்கெட் காட்டைக் கொடுத்தார். அதற்கு வருஷத்துக்கு 213 பவுண்ட் 6 ஷில்லிங் 8 பென்ஸ் கட்ட வேண்டும் என்பது ஒப்பந்தம். அந்தக் கொடையில் வேர்விட்டதுதான் அபர்டீனின் பொதுநல நிதி. இன்றும் இருக்கிறது. ஸ்காட்லாந்தின் ஊர்களுக்கு இப்படிப் பொதுச்சொத்தாக உள்ள பூங்காவும் கட்டடமும் புல்வெளியும் பல. அவற்றின் பட்டியலை உள்ளாட்சி மன்றங்கள் தயாரித்து வெளியிட வேண்டும் என்று 2015-ல் சட்டமே வந்தது. அந்தப் பட்டியலில் ஒரு நிலத்தைச் சேர்ப்பதா விடுவதா என்ற வாதம் நடக்கும்போது, பழைய சாசனத்தில் எந்த வார்த்தை இருக்கிறது என்பது முக்கியம். புல்வெளி ஒன்று ஊருக்குச் சொந்தமா என்று கேட்கும்போது, சாசனத்தைப் பாதி படித்த விழா மலரை யாராவது எடுத்து நீட்டுகிறார்கள். அதனால்தான் கத்துகிறேன்.

ஆகவே ஊர்ச் சாசனம் கையில் இருக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். முன்பக்கத்தை மட்டும் படம் எடுக்காதீர்கள். பின்பக்கத்தில் எழுத்தர்கள் எழுதிய குறிப்புகள் இருக்கும், அதையும் எடுங்கள். மெழுகு முத்திரை இருந்தால் இரண்டு பக்கமும். ஃபிளாஷ் வேண்டாம், பக்கத்திலிருந்து விழும் ஜன்னல் வெளிச்சம் போதும். சாசனத்தை முத்திரையைப் பிடித்துத் தூக்காதீர்கள். லேமினேட் செய்யாதீர்கள், சென்ற வருஷம் ஒருவர் செய்து கொண்டுவந்தார், சூட்டில் தோல் சுருங்கி ஓரம் கண்ணாடி போல ஆகிவிட்டது, என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. மடிப்பை இஸ்திரி போடாதீர்கள், கிழிசலில் டேப் ஒட்டாதீர்கள். ஊரிடம் மூலம் இல்லையென்றால் எடின்பரோவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் கேளுங்கள். மன்னரின் பெரிய முத்திரைப் பதிவேட்டில் நகல் இருக்க வாய்ப்புண்டு. 1660-ல் லண்டனிலிருந்து ஆவணங்களைத் திருப்பிக் கொண்டுவந்த எலிசபெத் என்ற கப்பல் மூழ்கிக் கொஞ்சம் போய்விட்டது உண்மைதான். போகாதது நிறைய.

அந்த இரண்டு பேர் பதாகையை நிறுத்திவிட்டார்கள். கிளம்பும்போது மூத்தவர் கேட்டார், 'அப்படியானால் எங்கள் ஊருக்கு வயது எத்தனை?' உள் சாசனத்தில் வருஷம் இல்லை. வில்லியம் மன்னர் காலத்துச் சாசனங்களில் வருஷம் போடும் வழக்கமில்லை. கடைசியில் சாட்சிகள் பெயர் இருக்கும், யார் எப்போது பிஷப்பாகவும் சான்சலராகவும் இருந்தார்கள் என்று பார்த்துத்தான் காலத்தைச் சொல்ல வேண்டும். அவர்கள் கொண்டுவந்த படத்தில் அந்த மூன்று வரிகள் மடிப்புக்குள் மறைந்திருந்தன. மடிப்பை வலிந்து பிரிக்க வேண்டாம், காப்பாளரை வைத்துத் திறந்து மறுபடி படம் எடுத்து வாருங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். வியாழக்கிழமை வருகிறார்கள்.