வளர்ச்சிக் காரணி: சொல்லும் பொருளும்

உடலின் செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி சொல்ல வெளியிடும் புரதம் ‘குரோத் ஃபேக்டர்’. அதைப் பாடநூல்கள் ‘வளர்ச்சிக் காரணி’ என்கின்றன. சிலர் ‘வளர்ச்சி ஊக்கி’ என்றும் எழுதுகிறார்கள். முதலாவதுதான் சரி என்பேன்.

‘ஃபேக்டர்’ லத்தீன் சொல். செய்பவர் என்று பொருள். காரணி என்பதும் ‘செய்’ என்னும் பொருளுள்ள வடமொழி வேரிலிருந்து வந்ததுதான். கணக்குப் பாடத்தில் 12-க்கு 3 ஒரு காரணி என்று படித்தோமே, அதே சொல்தான். இங்கே அதற்கு ‘ஒன்றை நிகழவைப்பது’ என்ற பழைய பொருள்.

இந்தப் பெயர் பொருந்தியதற்குக் காரணம் உண்டு. இத்தாலியைச் சேர்ந்த விஞ்ஞானி ரீட்டா லெவி-மொண்டால்சினி, எலியின் புற்றுக்கட்டியைக் கோழிக் கருவில் பதித்தபோது, நரம்பிழைகள் அதை நோக்கி மளமளவென்று வளர்வதைக் கவனித்தார். 1952-இல் ரியோ டி ஜெனிரோவில், கண்ணாடித் தட்டில் நரம்பு முடிச்சுக்குப் பக்கத்தில் கட்டியின் துண்டை வைத்தார். முடிச்சைச் சுற்றிச் சூரியக் கதிர்போல இழைகள் கிளம்பின. கட்டியிலிருந்து ஏதோ ஒன்று கசிந்து இதைச் செய்கிறது, ஆனால் அது என்னவென்று அப்போது தெரியாது. அப்புறம் அவருடன் பணியாற்றிய ஸ்டான்லி கோகன் அதைப் பிரித்தெடுத்தார். அதுதான் நரம்பு வளர்ச்சிக் காரணி. எலியின் உமிழ்நீர்ச் சுரப்பிச் சாற்றைப் பிறந்த எலிக்குட்டிகளுக்குச் செலுத்தியபோது, இரண்டு வாரத்தில் திறக்க வேண்டிய கண்கள் ஒரே வாரத்தில் திறந்தன. அதைச் செய்தது இன்னொரு காரணி, மேல்தோல் வளர்ச்சிக் காரணி. 1986-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இது சத்துப்பொருள் அல்ல, செய்தி. ஒரு செல் வெளியிடும் புரதம் இன்னொரு செல்லின் மேலுள்ள, செய்தியை வாங்கும் ஏற்பியில் போய் ஒட்டுகிறது. ஏற்பிகள் ஜோடி சேர்கின்றன. உள்ளே ஒரு புரதம் அடுத்ததைத் தூண்ட, செய்தி உட்கருவரை போகிறது. இந்தத் தொடரைத்தான் ‘சிக்னலிங்’ என்கிறார்கள். சமிக்ஞை என்றால் எல்லோருக்கும் புரியும், குறிகை என்பது நல்ல தமிழ். வளர்ச்சி ஹார்மோன் வேறு. அது மூளையடியிலுள்ள பிட்யூட்டரியில் சுரந்து இரத்தத்தில் போகிறது. வளர்ச்சிக் காரணிகளோ பெரும்பாலும் அக்கம்பக்கத்துச் செல்களோடுதான் பேசுகின்றன.

செய்தி ‘வளர்’ என்றுதான் இருக்க வேண்டுமா? இல்லை. ‘இரண்டாகப் பிரியாதே’, ‘முதிர்ச்சி அடை’, ‘சாகாதே’ என்றும் இருக்கலாம். அகாண்ட்ரோபிளேசியா என்னும் குள்ளத்தன்மையில், நாரரும்பு (ஃபைப்ரோபிளாஸ்ட்) வளர்ச்சிக் காரணியின் மூன்றாம் ஏற்பி மரபணு மாற்றத்தால் மிகையாக இயங்குகிறது. எலும்பின் நீட்சியை அடக்குவதே அந்த ஏற்பியின் வேலை என்பதால், கைகால்கள் குட்டையாகின்றன. சமிக்ஞை கூடியதால் வளர்ச்சி குறைகிறது! இதற்கு ‘ஊக்கி’ என்று எப்படிப் பெயர் வைப்பது? எத்தனை டானிக் கொடுத்தாலும் இது மாறாது என்பதையும் பெற்றோர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மார்பகப் புற்றுநோய் அறிக்கையில் வரும் ‘ஹெர்2’-வும் இப்படியொரு ஏற்பிதான்: மனித மேல்தோல் வளர்ச்சிக் காரணி ஏற்பி 2. இந்த ஏற்பி செல்லின் மேல் அளவுக்கு மீறி நிறைந்தால், வெளியிலிருந்து காரணி வராமலேயே தமக்குள் ஜோடி சேர்ந்து செல்லை இரண்டாகப் பிரியச் சொல்லிக்கொண்டே இருக்கும். அறிக்கையில் இந்த ஏற்பியின் அளவு 0 அல்லது 1+ என்றால் ஹெர்2 மிகையாக இல்லை, 3+ என்றால் மிகை. 2+ என்றால் முடிவு சொல்ல முடியாது. அப்போது ஹெர்2 மரபணுவின் எண்ணிக்கையை, மரபணுவை ஒளிரவைத்து எண்ணும் ஃபிஷ் (FISH) பரிசோதனையில் பார்ப்பார்கள். மிகை என்று உறுதியானால், 1998-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற டிராஸ்டுசுமாப் போன்ற, அந்த ஏற்பியையே குறிவைக்கும் மருந்துகளைக் கொடுக்க முடியும்.