நங்கூரம் எங்கே போடலாம், எங்கே கூடாது: ராமநாதபுரம் கடலில் பாய்ப்படகு வைத்திருப்போருக்கு

தொண்டிக்குத் தெற்கே ஒரு வாடைக்கால (வடகிழக்குக் காற்று வீசும் பருவம்) ராத்திரியில் என் சித்தப்பாவின் வத்தை (பாய்ப்படகு) நங்கூரத்தை இழுத்துக்கொண்டே கரைக்கு வந்துவிட்டது. விடியும்போது பக்கப்பலகை பிளந்து சேற்றில் சாய்ந்து கிடந்தது. கயிறு அறுபடவில்லை, நங்கூரமும் உடையவில்லை. விட்ட கயிறு போதவில்லை, அவ்வளவுதான். நிவாரணம் கேட்டுப் போனபோது இரண்டு காரணம் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள்: அன்றைக்குப் புயல் கிடையாது, படகின் பதிவும் புதுப்பிக்கப்படவில்லை. இரண்டுமே உண்மை. ஆனால் இதை முன்கூட்டி எங்களுக்கு யாரும் சொன்னதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் இடம். பாம்பனுக்குத் தெற்கே மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடி வரை 21 தீவுகள் இருக்கின்றன. அவற்றையும் சுற்றியுள்ள கடலையும் சேர்த்து 1986-ல் கடல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். குருசடை, மனோலி, முயல் தீவு எல்லாம் மண்டபம் பக்கம். அப்பா தீவு, வாலை, தலையாரி, முள்ளி கீழக்கரைப் பக்கம். 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, பூங்கா எல்லைக்குள் அனுமதியில்லாமல் நுழைவதும் உயிரினங்களின் வாழிடத்தைச் சேதப்படுத்துவதும் குற்றம். பவளப்பாறைமேல் விழும் நங்கூரம் வாழிடத்தைச் சேதப்படுத்தத்தான் செய்யும். குற்றத்துக்குப் பயன்பட்டதாகப் பறிமுதல் செய்யப்படும் படகு அரசின் சொத்தாகிவிடும் என்று அதே சட்டம் சொல்கிறது. அபராதத்தைவிட இது பெரிய அடி. தீவுப் பக்கம் போக வேண்டிய வேலை இருந்தால் ராமநாதபுரத்தில் உள்ள வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்தில் முதலில் கேட்டுவிடுங்கள்.

இந்த விதி மீனவனுக்கு எதிரானது என்ற பேச்சை அடிக்கடி கேட்கிறேன். நங்கூரத்தைப் பொறுத்தவரை நான் அதை ஏற்க மாட்டேன். பாரில், அதாவது பவளப்பாறையில், போட்ட நங்கூரம் ஒன்று பிடிக்காது. பிடித்தால் இடுக்கில் மாட்டிக்கொண்டு மேலே வராது. அலையில் படகு ஏறி இறங்கும்போதெல்லாம் கயிறு முருகைக்கல்லில் (பவளக்கல்) உரசும். விடிந்ததும் இழுத்துப் பார்த்தால் நார் நாராகப் பிரிந்து நிற்கும். கடற்புல் மண்டிய இடமும் நம்பத்தக்கதல்ல. வேர்ப்பின்னலின் மேலேயே நங்கூரம் வழுக்கிப் போகும், புல்லும் பெயர்ந்துவிடும். நங்கூரத்துக்கு உகந்தது மணலும் கெட்டிச் சேறும்தான். வெளிச்சம் இருக்கும்போதே தண்ணீருக்குள் பார்த்துப் போட வேண்டும்: கருமையாகத் தெரிவது பாராகவோ புல்லாகவோ இருக்கும், வெளுத்துத் தெரிவது மணல்.

அடுத்தது கயிறு. நம் கடலில் ஓதம், அதாவது கடல்மட்டம், ஏறி இறங்குவது ஒரு மீட்டருக்குள்தான். அதனால்தான் யாரும் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. கணக்கைப் போட்டுப் பாருங்கள். வற்றத்தில் (ஓதம் இறங்கியிருக்கும்போது) தண்ணீர் 3 மீட்டர். அமாவாசை, பௌர்ணமி ஏற்றத்துக்கு முக்கால் மீட்டர். தண்ணீர் மட்டத்திலிருந்து அணியம் (படகின் முன்முனை) வரை 1 மீட்டர். மொத்தம் நாலே முக்கால். கயிறு மட்டும் கட்டியிருந்தால் அதில் ஏழு மடங்கு விட வேண்டும், அதாவது 33 மீட்டர், ஏறக்குறைய 18 பாகம் (ஒரு பாகம் என்பது இரு கையையும் விரித்த நீளம்). முழுக்கச் சங்கிலியாக இருந்தால் ஐந்து மடங்கு போதும். சித்தப்பா விட்டிருந்தது எட்டுப் பாகம். கயிறு நீளமாக இருந்தால் இழுவை தரையோடு படுத்து வரும், நங்கூரத்தின் அலகு இன்னும் ஆழமாக இறங்கும். குட்டையாக இருந்தால் ஒவ்வோர் அலையும் அதை மேல்நோக்கிப் பிடுங்கும்.

இவ்வளவு கயிறு விட்டால் படகு பெரிய வட்டமாகச் சுற்றும் என்பதும் நினைவில் இருக்கட்டும். நீரோட்டம் திரும்பினால் படகும் திரும்பி நின்று, நங்கூரத்தை எதிர்ப்பக்கமாக இழுக்கும். பாம்பன் கால்வாய் அருகே ஓட்டம் கடுமை. அந்த வட்டத்துக்குள் பக்கத்துப் படகோ, வற்றத்தில் தலைகாட்டும் பாரோ இருக்கக் கூடாது. பாக் விரிகுடாக் கரை தட்டையானது. அரை மீட்டர் வற்றினாலே தண்ணீர் வெகுதூரம் பின்வாங்கிவிடும். வாடை அடிக்கும் மாதங்களில் தொண்டி, தேவிபட்டினம் பக்கம் காற்று நேராகக் கரைக்குத் தள்ளும். கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்தில் தென்கடல், அதாவது மன்னார் வளைகுடா, அப்படி. எஞ்சின் இல்லாத படகுக்கு, நங்கூரம் நகர ஆரம்பித்தபின் தப்பிக்க நேரம் மிகக் குறைவு. போட்டவுடன் கரையில் இரண்டு அடையாளம், ஒரு கோபுரமும் ஒரு பனையும் என்று வையுங்கள், ஒரே நேர்கோட்டில் வருவதைப் பார்த்துக்கொள்ளுங்கள். அரை மணி கழித்தும் அவை விலகாமல் இருந்தால் நங்கூரம் பிடித்திருக்கிறது.

விளக்கு விஷயம் சுருக்கம்தான். 1972-ம் ஆண்டின் கடல் மோதல் தடுப்பு விதிகளின்படி, நங்கூரத்தில் நிற்கும் படகு இரவில் எல்லாப் பக்கமும் தெரியும் வெள்ளை விளக்கும், பகலில் ஒரு கறுப்புப் பந்தும் காட்ட வேண்டும். 7 மீட்டருக்குக் குறைவான படகுக்கு விலக்கு உண்டு. ஆனால் மற்றப் படகுகள் வழக்கமாகப் போகும் பாதையிலோ நங்கூரத் துறையிலோ நின்றால் அந்த விலக்கு செல்லாது. குறுகிய கால்வாய்க்குள் நங்கூரம் போடுவதையே கூடியவரை தவிர்க்கச் சொல்கிறது விதி. பாம்பன் தூக்குப்பாலம் திறக்கக் காத்திருப்பவர்களும் வழியை விட்டு ஒதுங்கித்தான் நிற்க வேண்டும்.

பாம்பன் துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டையும் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். 1, 2 என்றால் புயல் தொலைவில். 3, 4 வந்தால் துறைமுகத்துக்கே பாதிப்பு வரலாம். அப்போதே வத்தையைக் கரையேற்றிவிடுவது நல்லது. 5-லிருந்து 7 வரை அபாயம், 8-லிருந்து 10 வரை பெரும் அபாயம். அந்த நிலையில் எவ்வளவு கயிறு விட்டாலும் நம்பிக்கை இல்லை.

இனி நிவாரணம். பேரிடர் நிதியின் 2022-26 நெறிமுறைப்படி, முழுதும் சேதமான படகுக்கு 15,000 ரூபாய், பகுதிச் சேதத்துக்கு 6,000 ரூபாய். தமிழக அரசு பெரிய புயல்களின்போது இதைவிடக் கூடுதலாக அறிவிப்பதுண்டு: 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்கு, முழுதும் சேதமான வல்லத்துக்கு ஒரு லட்சமும் கட்டுமரத்துக்கு 50,000-மும் அறிவித்தது. ஆனால் பட்டியலில் இருப்பவை படகும் வலையும்தான். நங்கூரமும் கயிறும் தொலைந்தால் அதற்கென்று தனித் தொகை நெறிமுறையில் இல்லை. புயல், வெள்ளம், சுனாமி போன்ற அறிவிக்கப்பட்ட பேரிடராகவும் இருக்க வேண்டும். சாதாரண வாடைக்காற்றில் போன படகு அதில் சேராது.

ஆளுக்கு ஏதேனும் நேர்ந்தால் வழி வேறு. பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தின் குழு விபத்துக் காப்பீட்டில் இறப்புக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் 5 லட்சம், நிரந்தரப் பகுதி ஊனத்துக்கு இரண்டரை லட்சம், மருத்துவமனைச் செலவுக்கு 25,000 ரூபாய் வரை. சந்தாவை மத்திய, மாநில அரசுகளே கட்டுகின்றன. கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல்படை 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093.

படகு சேதமானால் இழுத்துத் தேற்றுவதற்கு முன் படம் எடுத்துவிடுங்கள். பதிவு எண் தெரிய ஒன்று, உடைந்த இடம் தெரிய ஒன்று. மீன்வளத் துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் அன்றைக்கே எழுதிக் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள். பதிவு காலாவதியாகும் தேதி என்னவென்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். சித்தப்பாவின் புத்தகத்தில் அது நாலு மாதத்துக்கு முன்பே முடிந்திருந்தது.