தசை அழற்சி பரம்பரையாக வருமா?

தசை அழற்சி, அதாவது மயோசிடிஸ் என்று உறுதியான அன்றே வீட்டார் கேட்கிற கேள்வி: "பிள்ளைகளுக்கும் வந்துடுமா? இப்பவே ஜீன் டெஸ்ட் எடுத்துப் பார்த்துடலாமா?" வருவதற்கான வாய்ப்பு மிகமிகக் குறைவு, டெஸ்ட்டும் தேவையில்லை. பெரும்பாலானவர்களுக்கு இந்தப் பதிலே போதும். ஆனால் மரபணுப் பரிசோதனை நிஜமாகவே தேவைப்படும் இடங்கள் இரண்டு உண்டு. அங்கே பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை என்பதுதான் சிக்கல்.

மயோசிடிஸ் என்பது ஒரே நோயின் பெயர் அல்ல. தோலில் தடிப்போடு வரும் டெர்மடோமயோசிடிஸ், நுரையீரலையும் சேர்த்துப் பிடிக்கும் ஆன்டிசிந்தடேஸ் சிண்ட்ரோம், தசை நார்கள் செத்து விழும் நெக்ரோடைசிங் மயோபதி, 45 வயதுக்கு மேல் மெதுவாகத் தொடங்கும் இன்க்ளூஷன் பாடி மயோசிடிஸ் என்று ஒரு குடும்பமே இருக்கிறது. நாற்காலியிலிருந்து எழ முடியவில்லை, படி ஏற முடியவில்லை, தலை சீவக் கையைத் தூக்க முடியவில்லை என்றுதான் பெரும்பாலும் ஆரம்பிக்கும். உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே சொந்தத் தசையைத் தாக்குகிறது. யாருக்கு அப்படித் தடம் மாறும் என்பதில் மரபணுவுக்குப் பங்கு உண்டு. அந்தப் பங்கில் பெரும்பகுதி 6ஆவது குரோமோசோமில் இருக்கும் எச்எல்ஏ என்ற பகுதியில் இருக்கிறது.

எச்எல்ஏ புரதத்தை ஒரு தட்டு என்று வைத்துக்கொள்ளலாம். செல்லுக்குள் இருக்கும் புரதங்களின் துண்டுகளை அந்தத் தட்டில் வைத்து, வெளியே காவல் சுற்றும் டி செல்களுக்குக் காட்டுவதுதான் அதன் வேலை. தட்டின் பள்ளம் ஆளுக்கு ஆள் வேறுபடும். சில வடிவங்களில், காட்டக்கூடாத சொந்தப் புரதத் துண்டு கச்சிதமாக உட்கார்ந்துவிடுகிறது. ஐரோப்பிய வம்சாவளியினரில் பி*08:01, டிஆர்பி1*03:01 ஆகிய இரண்டு வடிவங்களுக்கும் மயோசிடிஸுக்கும் உள்ள தொடர்பு திரும்பத் திரும்ப உறுதியாகியிருக்கிறது. இவை இரண்டும், பக்கத்தில் இருக்கும் பல மரபணுக்களோடு, ஒரே கட்டாகப் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குப் போகின்றன. அதனால் அந்தக் கட்டில் உண்மையான குற்றவாளி எது என்று பிரித்துச் சொல்வது ஆராய்ச்சியாளர்களுக்கே பெரும்பாடு. கிழக்கு ஆசியர்களிடம் இந்தக் கட்டு கிட்டத்தட்ட இல்லை. நோய் அவர்களுக்கும் வருகிறது. ஆக, ஓர் இனத்தில் கண்டுபிடித்த "ரிஸ்க் ஜீனை" இன்னொரு இனத்தின் ரிப்போர்ட்டில் தேடுவது பல நேரம் வீண் வேலை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எச்எல்ஏ வடிவங்கள் நோயின் பெயரோடு ஒட்டுவதைவிட, ரத்தத்தில் காணப்படும் ஆன்டிபாடியோடுதான் (நோய் எதிர்ப்பு மண்டலம் உருவாக்கும், இங்கே சொந்தப் புரதத்தையே குறிவைக்கும் புரதம்) நெருக்கமாக ஒட்டுகின்றன. ஜோ-1 ஆன்டிபாடி உள்ளவர்களிடம் டிஆர்பி1*03:01. மி-2 உள்ளவர்களிடம் டிஆர்பி1*07:01. எச்எம்ஜிசிஆர் ஆன்டிபாடி உள்ள பெரியவர்களிடம் டிஆர்பி1*11:01. சிகிச்சையை வழிநடத்தும் தகவல் ஆன்டிபாடி ரிப்போர்ட்டிலேயே வந்துவிடுகிறது: நுரையீரலைப் பார்க்க வேண்டுமா, புற்றுநோய் இருக்கிறதா என்று தேட வேண்டுமா என்பதெல்லாம். அதற்கு மேல் எச்எல்ஏ டைப்பிங் எடுத்தால் செலவு கூடும், முடிவு மாறாது. 2017இல் ஐரோப்பிய, அமெரிக்க வாதநோய் அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட வகைப்படுத்தும் மதிப்பெண் முறையிலும் மரபணுவுக்கு ஒரு மதிப்பெண்கூடக் கிடையாது.

எச்எல்ஏவுக்கு வெளியே பிடிபிஎன்22, ஸ்டாட்4, பிஎல்கே போன்ற மரபணுக்களும் பட்டியலில் உண்டு. ஒவ்வொன்றின் பங்கும் சிறியது. பிடிபிஎன்22இல் உள்ள அதே மாற்றம் முடக்குவாதத்திலும் டைப் 1 சர்க்கரை நோயிலும் காணப்படுகிறது. மயோசிடிஸ் நோயாளியின் குடும்பத்தில் இன்னொரு மயோசிடிஸைப் பார்ப்பதைவிட, தைராய்டு, முடக்குவாதம் போன்ற வேறொரு தன்னுடல் தாக்கு நோயைப் பார்ப்பது அதிகம். குடும்ப வரலாறு கேட்கும்போது அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இப்போது கணக்கு. மயோசிடிஸ் புதிதாக வருவது, தோராயமாக ஆண்டுக்கு லட்சத்தில் ஒருவருக்கு. ஸ்வீடன் நாட்டின் குடும்பப் பதிவேடுகளை வைத்துச் செய்த ஆய்வில், பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளுக்கு ஆபத்து சுமார் 4 மடங்கு என்றும், நோய் வருவதில் பரம்பரையின் பங்கு சுமார் 22% என்றும் தெரிந்தது. "4 மடங்கு" என்று கேட்டால் பயமாகத்தான் இருக்கும். லட்சத்தில் ஒன்றை நான்கால் பெருக்கினால் லட்சத்தில் நான்கு. மற்ற 99,996 பேருக்கு அந்த ஆண்டு ஒன்றும் ஆவதில்லை. அறிகுறி எதுவும் இல்லாத பிள்ளைக்கு சிபிகே (தசை சேதமானால் ரத்தத்தில் கூடும் என்சைம்) ரத்தப் பரிசோதனைகூட வேண்டாம். முந்தைய நாள் நன்றாக விளையாடியிருந்தாலே சிபிகே எகிறி நிற்கும், வீடே தூக்கம் இழக்கும்.

மீதிப் பங்கு சூழலுடையது. டிஆர்பி1*03 உள்ளவர் புகைபிடித்தால் ஜோ-1 ஆன்டிபாடி உருவாகும் வாய்ப்பு கூடுகிறது. புற ஊதாக் கதிர் அதிகம் விழும் பகுதிகளில் மி-2 ஆன்டிபாடியோடு கூடிய டெர்மடோமயோசிடிஸ் அதிகம். பிறகு ஸ்டாட்டின் என்னும் கொழுப்பு மாத்திரை. இங்கே இரண்டு வேறு சங்கதிகளை எல்லோரும் குழப்பிக்கொள்கிறார்கள். எஸ்எல்சிஓ1பி1 மரபணுவில் மாற்றம் இருந்தால் மருந்து ரத்தத்தில் தேங்கித் தசையைப் பாதிக்கும். சிம்வாஸ்டாட்டின் 80 மில்லிகிராம் எடுத்தவர்களிடம் 2008இல் இது நிரூபணமானது: தாய், தந்தையிடமிருந்து வரும் இரண்டு பிரதிகளில் ஒன்றில் மாற்றம் இருந்தால் ஆபத்து நாலரை மடங்கு, இரண்டிலும் இருந்தால் ஏறக்குறைய 17 மடங்கு. இது வெறும் நச்சு விளைவு. மாத்திரையை நிறுத்தினால் சில வாரங்களில் அடங்கிவிடும். டிஆர்பி1*11:01 உள்ள சிலருக்கு வருவதோ எச்எம்ஜிசிஆர் ஆன்டிபாடி. மாத்திரையை நிறுத்தினாலும் இந்தத் தாக்குதல் நிற்காது. நிறுத்தி 2, 3 மாதம் ஆகியும் சிபிகே ஆயிரக்கணக்கிலேயே நிற்கிறது என்றால், அல்லது பலவீனம் கூடிக்கொண்டே போகிறது என்றால், காத்திருக்காமல் இந்த ஆன்டிபாடியைப் பார்க்க வேண்டும். இருந்தால் இன்னொரு பிராண்ட் ஸ்டாட்டினுக்கு மாறிப் பார்ப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை.

முதலில் சொன்ன இரண்டு இடங்களில் ஒன்று, மயோசிடிஸ் வேடம் போடும் பரம்பரைத் தசைச் சிதைவு நோய்கள். அதிகம் ஏமாற்றுவது, தசை நாரின் உறையைப் பழுதுபார்க்கும் டிஸ்ஃபெர்லின் என்ற புரதத்தின் குறைபாடு. பதின்ம வயதின் கடைசியிலோ இருபதுகளிலோ தொடங்கும். அதுவரை நன்றாக ஓடி விளையாடியவராகவே இருப்பார். சிபிகே பல ஆயிரம். தசைத்துண்டை எடுத்துப் பார்க்கும் பயாப்சியில் அழற்சிச் செல்கள் அப்பட்டமாகத் தெரியும். "பாலிமயோசிடிஸ்" என்று மயோசிடிஸில் ஒரு வகையின் பெயரை எழுதி ஸ்டீராய்டு தொடங்கிவிடுவார்கள். ஆண்டுகள் ஓடும், எடை கூடும், எலும்பு தேயும், பலம் மட்டும் திரும்பாது. டிஸ்ஃபெர்லின் குறைபாட்டில் டிஃப்ளாசகார்ட் என்ற ஸ்டீராய்டை முறையாகச் சோதித்துப் பார்த்தார்கள். பலன் இல்லை, பலம் குறையும் போக்கே தெரிந்தது.

கண்டுபிடிக்க ஒரு எளிய வழி: நோயாளியை முன்பாதத்தில், குதிகாலைத் தூக்கி நிற்கச் சொல்லுங்கள். மயோசிடிஸில் இடுப்பும் தொடையும் முதலில் தளரும். குதிகாலைத் தூக்க முடியும். டிஸ்ஃபெர்லின் குறைபாடு உள்ள பலருக்குக் கெண்டைக்கால் முதலில் மெலிந்திருக்கும். நுனிக்காலில் நிற்கவே முடியாது. தோள்பட்டை எலும்பு இறக்கைபோல் பின்னால் புடைப்பது, ஒரு பக்கம் மட்டும் அதிகம் தளர்வது, மயோசிடிஸ் ஆன்டிபாடி ஒன்றுகூட இல்லாதது, பெற்றோர் நெருங்கிய உறவினர்களாக இருப்பது, உடன்பிறந்தவருக்கும் இதே தொல்லை: இவற்றில் எது இருந்தாலும் மரபணுப் பரிசோதனை கேட்க வேண்டும். ஸ்டீராய்டில் சிபிகே கொஞ்சம் இறங்கியதை வைத்து ஏமாறக் கூடாது. கையைத் தூக்க முடிகிறதா, எழ முடிகிறதா என்பதுதான் அளவுகோல்.

எந்த டெஸ்ட் என்பதிலும் கவனம் தேவை. முகமும் தோளும் தளரும் எஃப்எஸ்எச்டி நோய், மரபணுத் தொடரில் ஒரு பகுதி திரும்பத் திரும்ப வரும் எண்ணிக்கை குறைவதால் வருவது. புரதம் உருவாக்கும் மரபணுப் பகுதிகளை மட்டும் படிக்கும் வழக்கமான எக்ஸோம் பரிசோதனையில் அது மாட்டாது. தனியாகக் கேட்க வேண்டும். மல்லாந்து படுத்தால் மூச்சுத் திணறுகிறது என்றால் பாம்பே (Pompe) என்ற பரம்பரைத் தசை நோய்க்கான என்சைம் பரிசோதனையை, உலர்ந்த ரத்தத் துளியிலேயே, முதலில் செய்யலாம். அதற்கு என்சைம் சிகிச்சை இருக்கிறது. பயாப்சி எடுப்பதற்கு முன்பு கேட்க வேண்டியது: சதைத்துண்டு உறையவைத்துப் பாதுகாக்கப்படுமா? முழுவதையும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் என்சைம் சாயங்களைப் போடவே முடியாது, புரதச் சோதனைகளும் பல கைவிட்டுப் போகும்.

பெயர்க் குழப்பம் வேறு. இன்க்ளூஷன் பாடி மயோசிடிஸ் பெரும்பாலும் குடும்பத்தில் வருவதில்லை. தொடை முன்தசையும் விரலை மடக்கும் தசையும் தளரும். பரம்பரை இன்க்ளூஷன் பாடி மயோபதி என்பது ஜிஎன்இ மரபணுவின் கோளாறு. இளவயதில் பாதம் தொங்குவதில் தொடங்கும், தொடை முன்தசை நெடுங்காலம் தப்பித்திருக்கும். ரிப்போர்ட்டில் கடைசிச் சொல்லை ஒருமுறை எழுத்துக்கூட்டிப் படியுங்கள்.

இரண்டாவது இடம், அசதியோப்ரின். ஸ்டீராய்டைக் குறைக்க உதவும் இந்த மருந்து, வழக்கமாக உடல் எடையில் கிலோவுக்கு 2 முதல் 2.5 மில்லிகிராம் வரை போகும். அதை உடைத்து வெளியேற்றும் டிபிஎம்டி, நுட்15 ஆகிய இரண்டு மரபணுக்களில் கோளாறு இருந்தால் சாதாரண அளவே விஷமாகும். பல இடங்களில் டிபிஎம்டி மட்டும் பார்த்துவிட்டு "நார்மல்" என்பார்கள். ஆசிய வம்சாவளியினரிடம் அதிகம் காணப்படுவது நுட்15 மாற்றம். அதையும் சேர்த்துக் கேளுங்கள். இரண்டு பிரதியும் மாறியிருந்தால் முதல் சில வாரங்களிலேயே முடி கொத்துக்கொத்தாகக் கொட்டும், வெள்ளை அணுக்கள் சரியும். ஒரு பிரதி மட்டும் என்றால் குறைந்த அளவில் தொடங்கலாம். ரிப்போர்ட் சுத்தமாக இருந்தாலும் முதல் இரண்டு மாதம் அடிக்கடி ரத்த அணுக்களை எண்ணியே ஆக வேண்டும். யூரிக் அமிலத்துக்கு அல்லோபியூரினால் சாப்பிடுகிறவர் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அசதியோப்ரினும் அல்லோபியூரினாலும் சேர்ந்தால், மரபணு எவ்வளவு நன்றாக இருந்தாலும் வெள்ளை அணுக்கள் இறங்கும்.