எழும்புவது எளிது, எழும்பி நிற்பதுதான் பாடு

படகு ஓடுவதற்குத் தண்ணீர் வேண்டும்; அதன் வேகத்தைப் பிடித்து இழுப்பதும் அதே தண்ணீர்தான். திருகோணமலையின் உப்புவெளிக் கரையிலிருந்து பார்த்தாலே இது விளங்கும். இயந்திரம் பூட்டிய ஃபைபர் வள்ளம் புறப்படும்போது அணியத்தை, அதாவது முன்முனையை, தூக்கிக்கொண்டு, பின்னால் பெரிய அலையை இழுத்துக்கொண்டு திணறும். இன்னும் முடுக்கினால் சட்டென்று மட்டமாகி, நீர்ப்பரப்பில் வழுக்கத் தொடங்கும். அதுவரை அது தானே எழுப்பிய அலையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. இப்போது அதன் மேல் ஏறிவிட்டது. இந்த ஏற்றத்துக்கு இயந்திரமும் எரிபொருளும் வேண்டும். பாய்மரப் படகிடம் இரண்டும் இல்லை. ஆனாலும் இன்று பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் காற்றை மட்டும் நம்பி, படகின் உடலை முழுவதுமாகத் தண்ணீரிலிருந்து தூக்கி, மணிக்கு 45 கிலோமீற்றரைத் தாண்டி ஓட்டுகிறார்கள்.

இப்படி எழும்பி ஓடும் இளையோர் படகுப் போட்டிகளின் வரலாறு மிகக் குறுகியது. 2000இல் சிட்னியிலும் 2004இல் ஏதென்ஸிலும் கட்டமரான் என்ற இரட்டை உடல் படகை ஓட்டி ஒலிம்பிக் தங்கம் வென்ற ஒஸ்திரியர்கள் ரோமன் ஹகாரா, ஹான்ஸ் பீற்றர் ஸ்ரைநாகர் ஆகிய இருவரும் முன்னின்று 2015இல் ஓர் இளையோர் தொடரைத் தொடங்கினார்கள். 16 முதல் 20 வயது வரையானோர், படகுக்கு இருவர், எல்லோருக்கும் ஐந்தரை மீற்றர் நீளமான ஒரே வகைப் படகு. 2017இல் பெர்முடாவில் நடந்த, அமெரிக்கக் கிண்ணம் என்ற பெரிய பாய்மரப் போட்டியின் இளையோர் பிரிவில் 19 முதல் 24 வயது வரையானோர், அணிக்கு ஆறு பேராக, ஏறத்தாழ 45 அடி நீளமான கட்டமரான்களில் மோதினார்கள். பிரித்தானிய அணி வென்றது. ஒலிம்பிக்கில் ஓடும் நாக்ரா 17 கட்டமரான் 2016 ரியோவில் நீரைத் தொட்டபடியேதான் ஓடியது. முழுமையாக எழும்பி ஓடியது அடுத்த ஒலிம்பிக்கான டோக்கியோவில்.

தூக்குவது எது? படகின் கீழே, நீருக்குள் இருக்கும் ஃபாயில் என்ற சிறகு. காபன் நாரால் செய்த, உள்ளங்கை அகலத்தை விடச் சற்றே பெரிய தகடு. சிறகின் மேற்பக்கம் நீளமானது, ஆகவே மேலே போகும் நீர் கீழே போகும் நீருடன் ஒரே நேரத்தில் சேர்வதற்காக விரைந்து ஓடுகிறது என்று பல பாடநூல்கள் சொல்லும். அது தவறு. இரண்டும் ஒரே நேரத்தில் சேரவேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. உண்மையில் மேலே போவது முந்திக்கொண்டுவிடுகிறது. நடப்பது இதுதான்: சரிந்து நிற்கும் சிறகு தன்னைக் கடக்கும் நீரைக் கீழ்நோக்கித் திருப்புகிறது, அந்த நீர் சிறகை மேலே தள்ளுகிறது. விமானத்துக்கும் இதே கணக்குத்தான். கடல்நீர் காற்றை விட 800 மடங்குக்கும் மேல் அடர்த்தியானது என்பதால், இங்கே சிறகு சிறியதாக இருந்தாலே போதும்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு சதுர மீற்றர் சிறகு, மிதமான சரிவில், நொடிக்கு 5 மீற்றர் வேகத்தில் நீரைக் கிழித்தால் ஏறத்தாழ 500 கிலோகிராம் எடையைத் தூக்கும். அதே சிறகு அதே வேகத்தில் காற்றில் போனால் முக்கால் கிலோவைக்கூடத் தூக்காது. படகும் இரண்டு ஓட்டிகளும் சேர்ந்து 300 கிலோ என்று வைத்துக்கொண்டால், முக்கால் சதுர மீற்றருக்கும் குறைவான சிறகு படகை மேலே கொண்டுவந்துவிடும். உடல் நீரை விட்டதும் உராய்வும் அலையும் போய்விடுகின்றன. நீரில் மிஞ்சுவது சிறகுகளும் அவற்றின் தண்டுகளும் மட்டுமே. படகு பாய்ந்தோடுகிறது.

இங்கேதான் வினை. தூக்கும் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்கிறது. வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு. 300 கிலோவைத் தூக்கிய சிறகு இப்போது 1200 கிலோவைத் தூக்கப் பார்க்கும். அவ்வளவு எடை படகில் இல்லை. விட்டால் படகு துள்ளி மேலே போகும், சிறகு நீரை விட்டு வெளியே வரும், தூக்கும் விசை ஒரு நொடியில் இல்லாமற்போகும், அணியம் நீரில் குத்தும். பின்பகுதி எழும்பிக் குட்டிக்கரணம் அடிக்கும்.

மொத் என்ற ஒற்றை உடல் படகு இதைத் தீர்த்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது. அணியத்திலிருந்து ஒரு மெல்லிய கம்பி நீரை வருடிக்கொண்டே வரும். படகு உயர்ந்தால் கம்பி கீழே தொங்கும். அது சிறகின் பின்விளிம்பில் உள்ள மடலை மேலே மடக்கித் தூக்கும் விசையைக் குறைக்கும். வீட்டுத் தண்ணீர்த் தாங்கியில் மிதவை உயர்ந்ததும் குழாய் தானாக மூடிக்கொள்வது போன்ற ஏற்பாடு.

2013 அமெரிக்கக் கிண்ணத்தின் விதிகள் அத்தகைய அசையும் மடல்களைத் தடுத்தன. நியூசிலாந்து அணியின் வடிவமைப்பாளர்கள் வேறு வழி பார்த்தார்கள். அவர்களின் சிறகு கீழே மடங்கியிருக்கும்: நிமிர்ந்த பகுதி படகு பக்கவாட்டில் நழுவுவதைத் தடுக்கும், மடங்கிய பகுதி தூக்கும். அந்த மடங்கிய பகுதியின் நுனி சற்றே மேல்நோக்கிச் சரிந்திருக்கும். படகு உயரும்போது நிமிர்ந்த பகுதியில் பாதி நீருக்கு வெளியே வந்துவிடும்; ஆகவே படகு பக்கவாட்டில் இன்னும் கொஞ்சம் நழுவும்; அந்த நழுவல், சரிந்த நுனியில் நீர் மோதும் கோணத்தைக் குறைக்கும்; தூக்கும் விசை தணிந்து படகு இறங்கும். கம்பியும் இல்லை, மடலும் இல்லை, வடிவம் ஒன்றே காவல். 2012இல் ஒக்லாந்தில் 72 அடிக் கட்டமரான் ஒன்று இப்படி எழும்பி ஓடியபோதுதான் பாய்மர உலகம் திரும்பிப் பார்த்தது. இன்றைய இளையோர் படகுகள் அந்தக் குடும்பத்தின் பிள்ளைகள்.

வடிவம் காத்தாலும் மீதி வேலை ஓட்டிகளுடையது. சுக்கானின் அடியில் உள்ள சிறிய சிறகு படகு முன்பின்னாகச் சாய்வதை அடக்குகிறது; ஆனால் ஒருவர் ஓரடி பின்னால் நகர்ந்தாலே கோணம் மாறிவிடும். பாய்மரத்திலிருந்து வரும் கம்பியில் படகுக்கு வெளியே சாய்ந்து தொங்கும் பிள்ளை பாயின் கயிற்றை ஓயாமல் இழுத்தும் விட்டும் கொண்டிருப்பது இதனால்தான். திருப்பத்தில் சிறகிலிருந்து விழுந்த படகு மறுபடி எழும்புவதற்குள் மற்றவர்கள் வெகுதூரம் போய்விடுவார்கள்.

காற்றை விட வேகமாகப் போவது எப்படி என்று பலர் கேட்பார்கள். மணிக்கு 25 கிலோமீற்றர் வேகத்தில் கச்சான் காற்று பக்கவாட்டில் அடிக்க, படகு 40 கிலோமீற்றரில் போகிறது என்று வையுங்கள். ஓட்டத்தால் முகத்தில் அறையும் காற்றும் அசல் காற்றும் சேர்ந்து, பாய் உணர்வது ஏறத்தாழ 47 கிலோமீற்றர் காற்று. அது கிட்டத்தட்ட முன்னாலிருந்து, 32 பாகைக் கோணத்தில் வரும். நீரின் இழுவை குறைவாக இருக்கும் வரை, பாயால் அதிலிருந்து இன்னும் முன்னுந்தலை எடுக்க முடியும்.

திருகோணமலையில் இது நடக்குமா? நீரைப் பொறுத்தவரை ஆம். தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் கச்சான் நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுவதால் கொட்டியாரக்குடாவின் கரையோரத்தில் அலை உயர்வதில்லை. காற்று பலமாக, நீர் தட்டையாக இருப்பதையே ஃபாயில் கேட்கிறது. ஆனால் அதே காற்று கவிழ்ந்த படகை ஆழ்கடல் பக்கம் தள்ளும், ஆகவே துணைப்படகு கட்டாயம். உள்துறைமுகம் பாதுகாப்பானது, சுற்றிலும் உள்ள குன்றுகள் காற்றைத் திடீர் திடீரென்று மறைப்பதால் பழகுபவர்களுக்கு எரிச்சல் தரும். வாடைக் காலத்தை மறந்துவிடலாம்: குடாவின் வாய் கிழக்கே திறந்திருக்கிறது, மகாவலியும் வெள்ளத்தோடு மரக்கிளைகளை இழுத்துவரும். நொடிக்கு 12 மீற்றர் வேகத்தில் ஒரு கிளை மோதினால் காபன் சிறகு தாங்காது.

கிளையை விடப் பெரிய சிக்கல் வலை. நீருக்குள் ஒரு மீற்றர் ஆழத்தில் வெட்டிக்கொண்டு வரும் சிறகும், மூதூர் மீனவர் இரவில் போட்டுக் காலையில் எடுக்கும் வலையும் ஒரே இடத்தில் இருக்க முடியாது. ஓட்டத்தைக் கச்சான் எழும்பும் நேரத்துக்குத் தள்ளிப் போட்டால், வலைகள் எடுக்கப்பட்ட பிறகுதான் படகுகள் இறங்கும். அந்த நேரத்தை மீனவர் சங்கங்களிடம் கேட்டு வைப்பதுதான், பாய் வாங்குவதற்கும் முன்னால் செய்யவேண்டிய வேலை.